டர்பனில் சமூகப்பணியாளருக்கும் மனநலப் பணியாளருக்கும் கட்டுப்படியாகும் வாடகை வீடு: முழுமையான வழிகாட்டி

சோஷியல் வொர்க்கர், ஆக்சிலரி வொர்க்கர் (சமூகப்பணி உதவியாளர்), குழந்தை மற்றும் இளைஞர் பராமரிப்புப் பணியாளர், பதிவு பெற்ற கவுன்சலர், சைக்காலஜிஸ்ட், போதை மறுவாழ்வு மையத்தில் வேலை செய்பவர். இவர்களில் யாராவது தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் வேலை கிடைத்து வீடு தேடுகிறார்கள் என்றால் இது அவர்களுக்கு. வேலைக்கு வந்த புதியவர்களோடு வீடு தேடி அலைந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வேலை உறுதியான அன்று இரவே ப்ராப்பர்ட்டி24 என்ற வீட்டு விளம்பரத் தளத்தைத் திறந்து, படத்தைப் பார்த்து ஒரு வீட்டின் மேல் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். அப்புறம் சம்பளம் எந்தத் தேதி வரும் என்று தெரியாது, வேலை எந்த ஏரியாவில் என்று தெரியாது, கேட்கிற பேப்பர் கையில் இல்லை. வீடு போய்விடுகிறது, சில நேரம் முன்பணமும் போய்விடுகிறது. இந்த வழிகாட்டியில் வீடு பார்ப்பது ஏழாவது படியில்தான் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி என்பதை எழுத்தில் வாங்குங்கள்

நியமனக் கடிதத்தில் இருப்பது பிடித்தம் போகாத தொகை. வாடகை கட்டுவது கைக்கு வரும் பணத்திலிருந்து. அரசு வேலையென்றால் வருமான வரி போக, ஓய்வூதிய நிதிக்கு 7.5 சதவீதம் போகும். மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால் அதுவும் போகும். தொண்டு நிறுவனத்தில் என்றால் வரியும் வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1 சதவீதமும். "கையில் எவ்வளவு வரும்?" என்று எச்.ஆரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஒரு மாதிரி பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

தேதியும் தொகை அளவுக்கு முக்கியம். பல அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் 15ஆம் தேதி வருகிறது. வாடகையோ 1ஆம் தேதி. இடையில் இருக்கும் இரண்டு வாரத்தில் பணத்தை ஒதுக்கி வைக்கத் தெரியாதவர்கள் மூன்றாவது மாதமே பாக்கி வைப்பார்கள். சம்பளம் வந்த அன்றே வாடகைக்குத் தானியங்கிப் பரிமாற்றம் போட்டுவிடுங்கள். 15ஆம் தேதியே அடுத்த மாத வாடகை கையில் சேர்ந்துவிட்டால் எந்த வீட்டுக்காரருக்கும் கசக்காது.

புதிதாக அரசில் சேர்ந்தவர்களின் விவரம் சம்பள அமைப்பில் ஏறத் தாமதமானால் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். சமூக மேம்பாட்டுத் துறையின் மானியத்தில் ஓடும் தொண்டு நிறுவனங்களில் வேறு கதை. நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. புது ஒப்பந்தம் கையெழுத்தாகி முதல் தவணை இறங்கும்வரை ஏப்ரல், மே சம்பளம் இழுபறியாவது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஒரு மாத வாடகையாவது தனியாக இருந்தால்தான் அந்த இரண்டு மாதமும் தூக்கம் வரும்.

அரசு வேலைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: வீட்டுப்படி. 2015இல் வந்த அரசு ஊழியர் வீட்டுத் திட்டப்படி, சொந்த வீடு இல்லாத புதிய ஊழியருக்கு அந்தப் படி சம்பளத்தோடு கைக்கு வருவதில்லை. அவர் பெயரில் ஒரு சேமிப்பில் சேர்கிறது. பின்னால் வீடு வாங்கும்போது உதவும். நியமனக் கடிதத்தில் "வீட்டுப்படி" என்று பார்த்துவிட்டு அதை வாடகைக் கணக்கில் சேர்த்தால் மாதாமாதம் துண்டு விழும். முதல் கணக்கிலிருந்தே அதை எடுத்துவிடுங்கள்.

2. கேஸ் ஏரியாவைத் தெரிந்துகொண்ட பிறகு குடியிருக்கும் ஏரியாவை முடிவு செய்யுங்கள்

ஆசிரியருக்கோ கணக்காளருக்கோ இந்தப் படி தேவையில்லை. உங்களுக்குத் தேவை.

குழந்தைகள் சட்டத்தின் கீழ் ஒரு குழந்தையை வீட்டிலிருந்து பிரித்து எடுத்துப் போகும் வேலை உங்களுடையதாக இருக்கலாம். அந்தக் குழந்தையின் மாமா நீங்கள் பால் வாங்கும் கடையில் நிற்பார். மறுவாழ்வு மையத்தில் உங்களிடம் வருகிறவர் உங்கள் பின்வீட்டுக்காரரின் தம்பியாக இருப்பார். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் மாதிரி, டர்பனில் நம் இந்திய வம்சாவளியினர் நிறைந்த இடங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். உங்கள் வாசல் எது என்று தெரிய ஒரு வாரம் போதும். அதனால் சூப்பர்வைசரிடம் முதல் நாளே கேளுங்கள்: எனக்கு எந்தத் தெருக்கள், எந்த யூனிட் (அந்த ஊரின் எந்தப் பிரிவு)?

பதில் கிடைத்ததும், அந்த யூனிட்டைத் தவிர்த்துப் பக்கத்து யூனிட்டைத் தேடுங்கள். உங்கள் கேஸ்கள் வெஸ்ட்கிளிஃபில் என்றால் அரீனா பார்க்கோ மூர்ட்டனோ பார்க்கலாம். ஊரையே மாற்ற வேண்டியதில்லை. ஒரே மினிபஸ் டாக்ஸியில் (பலர் சேர்ந்து போகும் வேன்) போகிற தூரம், ஆனால் வாசலில் யாரும் காத்திருக்காத தூரம். அதுதான் அளவு.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். இரவு அழைப்புக்குப் போக வேண்டிய பணியில் இருப்பவர் மலிவு என்று வடக்கே தொலைவில் இருக்கும் டோங்காட்டில் வீடு எடுத்துவிட்டு சாட்ஸ்வொர்த்துக்கு ஓட முடியாது. நம் ஊர் மினிபஸ் டாக்ஸி காலையிலும் மாலையிலும் கிடைக்கும் அளவுக்கு இரவு ஒன்பது மணிக்குக் கிடைக்காது. கார் இல்லாதவர், வேலை முடியும் நேரத்தில் அந்த வழியில் ஒரு முறை டாக்ஸியில் போய்ப் பார்த்துவிட்டே ஏரியாவை முடிவு செய்ய வேண்டும். இரண்டு டாக்ஸி மாற வேண்டிய இடத்தில் வாடகை 800 ரேண்ட் குறைவென்றால், அந்த 800உம் டாக்ஸிக்கே போய்விடலாம். கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

நிறுவனத்தின் காரை இரவில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கேட்டுக்குள் நிறுத்த இடம் வேண்டும். தெருவில் நிறுத்திய கார் காணாமல் போனால் அதற்கான விளக்கக் கடிதத்தை எழுதுவது நீங்கள்.

3. உள்ளே போகத் தேவைப்படும் மொத்தப் பணத்தைச் சேருங்கள்

"மாதம் 5,000 கட்ட முடியும்" என்பது பாதிக் கணக்கு. 5,000 ரேண்ட் வீடு என்றே வைத்துக்கொள்வோம். முதல் மாத வாடகை 5,000, டெபாசிட் 5,000, ஏஜென்ட் மூலம் என்றால் ஒப்பந்தக் கட்டணம், மின்சார டோக்கன் (முன்பணம் கட்டி வாங்கி மீட்டரில் அடிக்கும் எண்), சாமான் ஏற்றிவர ஒரு பக்கி (சிறு சரக்கு வண்டி). 11,000க்குக் குறைந்து உள்ளே போக முடியாது. டெபாசிட் இவ்வளவுதான் கேட்கலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. சிலர் இரண்டு மாதம் கேட்பார்கள்.

டெபாசிட்டை இரண்டு மூன்று தவணையில் தரலாமா என்று கேட்பதில் தவறில்லை. தனி வீட்டுக்காரர்கள் பலர் ஒப்புக்கொள்வார்கள். ஏஜென்சிகள் அரிதாகவே ஒப்புக்கொள்ளும். நிறுவனத்தில் சம்பள முன்பணம் உண்டா என்பதையும் சேருமுன்பே கேளுங்கள். சேர்ந்து இரண்டு வாரம் கழித்து நெருக்கடியில் போய்க் கேட்பதைவிட வேலையை ஒப்புக்கொள்ளும்போது கேட்பதே சுலபம். தெருமுனை வட்டிக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

4. கோப்பைத் தயார் செய்யுங்கள்

நல்ல வீடு ஒரு நாளில் போய்விடும். சனிக்கிழமை பார்த்துவிட்டு, திங்கள்கிழமை எச்.ஆரிடம் கடிதம் கேட்கிறவருக்கு அது கிடைக்காது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே பி.டி.எஃப்பாகப் போனில் வைத்திருங்கள்: அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும், மூன்று மாதப் பேஸ்லிப், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், நியமனக் கடிதம், பழைய வீட்டுக்காரரின் கடிதம். சமூகசேவைத் தொழில் கவுன்சிலில் அல்லது எச்.பி.சி.எஸ்.ஏ என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலில் பதிவான சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். ஏஜென்சிக்கு அது வெறும் தாள். பின்வீட்டை வாடகைக்கு விடும் ஒரு ஆன்ட்டிக்கு அது பெரிய விஷயம்.

புதியவரிடம் மூன்று மாதப் பேஸ்லிப் இருக்காது. அந்த இடத்தை நிரப்ப, நியமனக் கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், சேரும் தேதி, மொத்தச் சம்பளம், ஒப்பந்தம் முடியும் தேதி மூன்றும் தெளிவாக எழுதப்பட்டு வர வேண்டும். மொட்டையாக "இவர் எங்களிடம் வேலை செய்கிறார்" என்று இரண்டு வரி எழுதித் தரும் கடிதம் உதவாது.

ஷூரிட்டி (ஜாமீன்) கேட்டால் அண்ணனையோ மாமாவையோ கையெழுத்துப் போடச் சொல்லுமுன் ஒன்றை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: நீங்கள் கட்டாவிட்டால் வீட்டுக்காரர் நேராக அவர்களிடம் வரலாம். குடும்பத்தில் இதனால் பேச்சு நின்று போனவர்கள் இருக்கிறார்கள்.

ஏஜென்ட்கள் உங்கள் கடன் வரலாற்றைப் பார்ப்பார்கள், வாடகைக்கென்றே டி.பி.என் என்ற நிறுவனத்தின் பதிவையும் பார்ப்பார்கள். தேசியக் கடன் சட்டப்படி ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திலிருந்தும் வருடத்துக்கு ஒரு அறிக்கை உங்களுக்கு இலவசம். முதலில் நீங்களே எடுத்துப் பாருங்கள். படிக்கும் காலத்தில் எடுத்த துணிக்கடைக் கணக்கு 300 ரேண்ட் பாக்கியோடு அங்கே உட்கார்ந்திருக்கும். விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட பிறகு தெரிந்து பயனில்லை.

5. எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

நான்கு கதவுகள் உண்டு. வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, வேலையிடமே தரும் இடம். படிப்பு முடிந்ததும் கட்டாயமான கம்யூனிட்டி சர்வீஸ் வருடம் செய்யும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகள் கிராமப்புற மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், வளாகத்துக்குள் குடியிருப்பு இருக்கிறதா என்பதை இடத்தேர்வு செய்யும்போதே கேட்க வேண்டும். அறைகள் குறைவு, டாக்டர்கள், தெரபிஸ்ட்டுகள் எல்லோரும் ஜனவரியில் ஒரே நேரத்தில் வருகிறார்கள். இடம் உறுதியானதும் மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். குழந்தைகள் இல்லங்களிலும் சில மறுவாழ்வு மையங்களிலும் தங்கிப் பார்க்கும் பணி உண்டு. அதில் வாடகை மிச்சம். ஓய்வு நேரம் என்ற ஒன்று இல்லாமல் போகும். வேலை போனால் அதே நாளில் வீடும் போகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, சோஷியல் ஹவுசிங். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசு மானியத்தில் கட்டி நிறுவனங்கள் நிர்வகிக்கும் வாடகை அடுக்குமாடிகள் இவை. குடும்ப வருமானம், பிடித்தம் போகாமல், மாதம் 1,850இலிருந்து 22,000 ரேண்டுக்குள் இருக்க வேண்டும். 2022இல் இந்த வரம்பை உயர்த்தினார்கள். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். சொந்த வீடு இருக்கக்கூடாது, முன்பு அரசு வீட்டு மானியம் வாங்கியிருக்கக்கூடாது. வேலை விசாவில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது. அவர்கள் நேராக மூன்றாவதுக்குப் போகலாம்.

இதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது "குடும்ப வருமானம்" என்பது. ஆக்சிலரி வொர்க்கர், குழந்தை பராமரிப்புப் பணியாளர், தொண்டு நிறுவனச் சமூகப்பணியாளர் ஆகியோர் பெரும்பாலும் வரம்புக்குள் வருவார்கள். அரசில் நிரந்தரமாக இருக்கும் சமூகப்பணியாளரின் சம்பளம் பெரும்பாலும் 22,000ஐத் தாண்டி நிற்கும். கணவனும் மனைவியும் சம்பாதித்தால் கூட்டித்தான் பார்ப்பார்கள். மறைத்து விண்ணப்பிக்காதீர்கள், வங்கி விவரத்தில் எல்லாம் தெரியும்.

டர்பனில் ஃபர்ஸ்ட் மெட்ரோ, சோகோ போன்ற நிறுவனங்கள் இதை நடத்துகின்றன; ஜோஹன்னஸ்பர்க்கில் ஜோஷ்கோ, கேப் டவுனில் கம்யூனிகேர். காத்திருப்போர் பட்டியல் நீளம். அதனால் இன்றே பதிவு செய்துவிட்டு, கிடைக்கும் என்று நம்பாமல் மற்ற கதவைத் தட்டுங்கள். "பட்டியலில் மேலே ஏற்றித் தருகிறேன், 2,000 கொடு" என்று யாராவது வந்தால் அது மோசடி. மானிய வீடு என்பதால் வாடகை கட்டாமல் இருந்துவிடலாம் என்று பக்கத்துக் குடித்தனக்காரர் சொல்வதையும் கேட்காதீர்கள். இது சலுகை வாடகை வீடு. இலவச வீடு அல்ல, பின்னால் சொந்தமாகும் வீடும் அல்ல.

மூன்றாவது, அவுட்பில்டிங். நம் ஆட்கள் பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான், எனக்கும் இதன்மேல் ஒரு சார்பு உண்டு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், ரிசர்வாயர் ஹில்ஸ், ஷால்க்ராஸ், இசிப்பிங்கோ எங்கும் வீட்டுக்குப் பின்னாலோ கீழேயோ ஒன்றிரண்டு அறையும் சமையலறையும் கட்டி வாடகைக்கு விடுவார்கள். இவற்றில் பாதி எந்த வலைத்தளத்திலும் வராது. கோயில் கமிட்டியில் ஒருவர், தமிழ் வகுப்பு நடத்தும் டீச்சர், டக் ஷாப் (பெட்டிக்கடை) நடத்தும் அங்கிள் என்று வாய்மொழியாகத்தான் போகும். காவடி நாட்களில் கோயிலில் நின்று நாலு பேரிடம் சொல்லி வைத்தால் ஒரு வாரத்தில் போன் வரும்.

நான்காவது, பகிர்ந்து எடுப்பது. இருவர் சேர்ந்து இரண்டு படுக்கையறை ஃப்ளாட் எடுத்தால் தலைக்கு வாடகை குறையும். ஆனால் ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் மற்றவர் ஓடிப்போகும்போது முழு வாடகையும் பெயர் உள்ளவர் தலையில். ஒரே நிறுவனத்தில் வேலை செய்யும் இருவர் சேர்வதை நான் பரிந்துரைப்பதில்லை. மானியம் தாமதமானால் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நிற்கும்.

6. விளம்பரத்தைச் சலித்துப் பாருங்கள்

ஏஜென்ட் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் சொத்துத் தொழில் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஃபிடலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (இந்தத் தொழில் செய்வதற்கான அனுமதி) வைத்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. சான்றிதழைக் கேளுங்கள். உண்மையான ஏஜென்ட் கோபப்படமாட்டார்.

"வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், டெபாசிட் போட்டால் சாவி கூரியரில் வரும்" என்ற விளம்பரம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே மாதிரிப் படங்கள், பக்கத்து வீடுகளைவிடப் பாதி வாடகை. வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரேண்டும் அனுப்பாதீர்கள். உள்ளே போய்ப் பார்த்தாலும், காட்டியவர் பழைய வாடகைக்காரராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி "இந்த வீடு யாருடையது?" என்று கேட்டுவிடுங்கள். வீடு வீடாகப் போய் விசாரிப்பது உங்கள் தொழில்தானே.

முதல் செய்தியைச் சுருக்கமாக அனுப்புங்கள். "வணக்கம் ஆன்ட்டி, நான் சமூகப்பணியாளர், அடுத்த மாதம் 1ஆம் தேதி வேலையில் சேருகிறேன். ஒருவர் மட்டும், கார் இல்லை. பேப்பர் எல்லாம் தயார். சனிக்கிழமை காலை வந்து பார்க்கலாமா?" அவ்வளவு போதும். எந்த மையத்தில், என்ன கேஸ் என்றெல்லாம் எழுத வேண்டாம். சில பேருக்கு மனநலம், போதை என்ற சொல்லைக் கேட்டாலே உங்கள் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்ற பயம். நேரில் பார்க்கும்போது "யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள்" என்று ஒரு வரி சொன்னால் தீர்ந்தது.

7. வீட்டைப் பார்க்கும்போது

பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை போங்கள். இரண்டாவது முறை உள்ளே போகாவிட்டாலும் தெருவில் நின்று பாருங்கள்.

முதலில் மீட்டர். பின்வீட்டுக்குத் தனி மீட்டரா, முன்வீட்டோடு சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் எவ்வளவு பங்கு என்பதை எழுத்தில் வாங்காமல் நகராதீர்கள். சண்டை எல்லாம் கீசரில்தான் ஆரம்பிக்கும். தனி ப்ரீபெய்ட் மீட்டர் என்றால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 24க்குப் பிறகு, புதுப்பிக்கப்படாத மீட்டர்கள் புது டோக்கனை ஏற்பதில்லை. சில மாதம் காலியாகக் கிடந்த வீட்டில் இது மாட்டிக்கொள்ளும். ஒரு சின்னத் தொகைக்கு டோக்கன் வாங்கி, 20 இலக்கத்தையும் வீட்டுக்காரர் முன்னாலேயே அடித்துப் பாருங்கள். யூனிட் ஏறினால் சரி. நகராட்சி மீட்டரா, தனியார் மீட்டரா என்றும் கேளுங்கள். தனியார் என்றால் மாதச் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி டோங்காட் மக்கள் மாதக்கணக்கில் டேங்கர் தண்ணீருக்கு வாளியோடு நின்றதை யாரும் மறக்கவில்லை. ஃபீனிக்ஸ், வெருலம் பக்கமும் குழாய் அடிக்கடி காய்கிறது. ஜோஜோ டேங்க் (தண்ணீர் சேமிக்கும் பிளாஸ்டிக் தொட்டி) இருக்கிறதா, இருந்தால் பின்வீட்டுக்கும் இணைப்பு உண்டா? முன்வீட்டுக்கு மட்டும் டேங்க் இருப்பது சர்வசாதாரணம்.

மேட்டு நிலத்தை வெட்டிக் கட்டிய அவுட்பில்டிங் என்றால் பின்னாலிருக்கும் தாங்குசுவரைப் போய்ப் பாருங்கள். விரிசலோ வெளியே தள்ளிய வீக்கமோ இருந்தால், வாடகை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

கவுன்சலிங் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. கதவைச் சாத்தி உள்ளே ஒருவர் சாதாரணக் குரலில் பேசட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள். ஒவ்வொரு சொல்லும் கேட்டால் அந்த அறையிலிருந்து போனில் அமர்வு நடத்த முடியாது. உங்களை நம்பிப் பேசுபவரின் ரகசியம் முன்வீட்டுச் சமையலறைவரை போகும். கோப்புகளைப் பூட்டி வைக்க ஒரு அலமாரியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆன்ட்டி கேள்வி கேட்பார். கல்யாணம் ஆகிவிட்டதா, யார் வீட்டுப் பிள்ளை, மாட்டுக்கறி சமைப்பாயா, புரட்டாசியில் என்ன செய்வாய்? சமையலறை பொது என்றால் இதையெல்லாம் முன்பே பேசிக்கொள்வது இரு பக்கமும் நல்லது. ஆனால் இனத்தையோ மதத்தையோ கர்ப்பத்தையோ காட்டி வீடு இல்லை என்று சொல்ல வாடகை வீட்டுச் சட்டம் இடம் தரவில்லை.

8. ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள்

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். ஆனால் வாடகைக்காரர் கேட்டால் எழுத்தில் தருவது 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. ஆகவே கேளுங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்றால், "ஆபீஸில் முகவரிச் சான்று கேட்கிறார்கள் ஆன்ட்டி" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

உங்கள் வேலை ஒப்பந்தம் மார்ச் 31இல் முடிகிறதென்றால் வீட்டு ஒப்பந்தமும் அதை ஒட்டியே முடியட்டும், அல்லது மாதாமாதம் நீளும்படி இருக்கட்டும். பன்னிரண்டு மாதம் போட்டுவிட்டு, நிதி புதுப்பிக்கப்படாமல் ஏழாவது மாதம் வேலை போனவர்கள் மீதி வாடகைக்காகத் துரத்தப்படுவார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 20 வேலைநாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமை உண்டு. வீட்டுக்காரர் நியாயமான ரத்துக் கட்டணம் கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு பின்வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் வழக்கறிஞர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. அதனால் "வேலை முடிந்தாலோ இடமாற்றம் வந்தாலோ ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம்" என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இடமாற்றம் சகஜமான தொழிலில் இந்த ஒரு வரி ஆயிரக்கணக்கான ரேண்டுக்குச் சமம்.

ஆண்டுக்கு வாடகை எவ்வளவு ஏறும், தண்ணீர் யார் கணக்கில், பழுது யார் பொறுப்பு: இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

9. சாவி வாங்கும் நாள்

வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து சுற்றிப் பார்த்து, குறைகளை எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். சுவரில் ஈரம், உடைந்த ஓடு, எரியாத அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவாகிவிடும்.

காலி செய்யும்போதும், ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இதே மாதிரிக் கூட்டுப் பார்வை உண்டு. வீட்டுக்காரர் அதைச் செய்யாவிட்டால், வீடு நல்ல நிலையில் இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். டெபாசிட்டில் கை வைக்க முடியாது. பாக்கி, சேதம் எதுவும் இல்லையென்றால் 7 நாளில் பணம் திரும்ப வர வேண்டும். பழுது பார்த்துக் கழிக்க வேண்டுமென்றால் 14 நாள். பார்வைக்கு நீங்கள் வராமல் போனால் அது 21 நாளாக நீளும். டெபாசிட்டை வட்டி தரும் கணக்கில்தான் போட்டிருக்க வேண்டும், வட்டியும் உங்களுக்கே.

ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது. ஒவ்வொரு முறையும். கொடுப்பது அவர் கடமை. சங்கடமாக இருந்தால் வங்கி மூலம் அனுப்புங்கள், ரசீது கேட்க வேண்டிய வேலையே இல்லை.

10. தகராறு வந்தால்

கரண்டைத் துண்டிப்பது, பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது எல்லாம் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் செய்யக்கூடாதவை. வாடகை பாக்கி இருந்தாலும் அப்படித்தான். நம் பணியாளர்கள் மற்றவர்களுக்கு இதை மணிக்கணக்கில் விளக்குவார்கள். தங்கள் வீட்டில் நடந்தால் ஆன்ட்டியின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு பையைத் தூக்குவார்கள்.

முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸாப் போதும். பதில் இல்லையென்றால் மாகாணத்தின் வாடகை வீட்டுத் தீர்ப்பாயம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை உண்டு. ஒப்பந்தம், ரசீதுகள், படங்கள், வாட்ஸாப் செய்திகள் எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு போங்கள்.

புகார் கொடுத்துவிட்டு வாடகையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. புகார் நிலுவையில் இருக்கும்போது வீட்டுக்காரர் உங்களை வெளியேற்றக்கூடாது என்று சொல்லும் அதே சட்டப்பிரிவு, நீங்கள் தொடர்ந்து வாடகை கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. கூரை ஒழுகினாலும் கட்டிக்கொண்டே வாதாடுங்கள். கட்டாமல் விட்டால் விசாரணையில் முதல் கேள்வியே உங்கள் பாக்கியைப் பற்றித்தான் வரும், ஒழுகும் கூரை பின்னால் போய்விடும்.

11. வாங்குவதைப் பற்றி

குடும்ப வருமானம் 3,501இலிருந்து 22,000 ரேண்டுக்குள் இருக்கும், முதன்முறை வீடு வாங்கும் குடியுரிமையாளருக்கோ நிரந்தர வசிப்புரிமையாளருக்கோ ஃபர்ஸ்ட் ஹோம் ஃபைனான்ஸ் என்ற ஒரு முறை மானியம் உண்டு. முன்பு ஃப்ளிஸ்ப் என்று சொன்னார்கள். வருமானம் குறைய மானியம் கூடும். பதவி உயர்வு வந்து 22,000ஐத் தாண்டினால் அது கைநழுவும். அதனால் ஒப்பந்த வேலை நிரந்தரமானதும், அடுத்த சம்பள உயர்வுக்கு முன்பே வங்கியில் விசாரித்துவிடுங்கள்.